சொந்தமாக ஆலோசனைத் தொழில் செய்பவர் ரெஸ்யூமே எழுதும் முறை: குடியாத்தத்துத் தம்பியோடு உட்கார்ந்து திருத்தியது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி காட்பாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கைலி வியாபாரிகளுக்கும் சின்னச் சின்ன நெசவு முதலாளிகளுக்கும் சரக்குக் கணக்கு, பாக்கி வசூல், வங்கிக் கடன் பேப்பர் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொடுப்பது அவர் தொழில். ஏழு வருடமாக யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் சொந்தமாகவே செய்கிறார். இப்போது கொஞ்சம் பெரிய கம்பெனிகளின் வேலையும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார். பதினோரு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறார். ஓர் இடத்திலிருந்தும் போன் வரவில்லை.

"தப்பு எங்கன்னு பாருங்கக்கா" என்று நாலு பக்கத்தை நீட்டினார்.

முதல் பக்கத்தில் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, சவாலான சூழலில் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புவதாக ஒரு பத்தி. இரண்டாம் பக்கம் முழுக்கப் படிப்பு, சான்றிதழ். மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் அந்த ஏழு வருடம் வந்தது, மூன்றே வரியில். வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. என்னுடைய பழைய ரெஸ்யூமேயும் அச்சாக அப்படித்தான் இருந்தது.

நான் 2013-ல் வேலையை விட்டேன். அதுவரை பதினெட்டு வருடம் ஷூ கம்பெனிகளின் தரப் பிரிவில் இருந்தேன். விட்டபிறகு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் ஜாப் ஒர்க் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) செய்யும் சின்ன யூனிட்டுகளுக்குப் போய், ரிஜெக்ஷன் ஏன் வருகிறது, தோல் ஏன் வீணாகிறது என்று பார்த்துச் சரிசெய்து கொடுக்க ஆரம்பித்தேன். 2017-ல் ஒரு பெரிய கம்பெனி, தனக்கு அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகளின் தரத்தைக் கவனிக்க ஒப்பந்தத்தில் ஆள் தேடியது. என்னையும் கூப்பிட்டார்கள். எதிரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "2013-க்கு அப்புறம் வீட்லதான் இருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். அதற்குள் நான் ஒன்பது யூனிட்டுகளில் வேலை முடித்திருந்தேன். தாளில் இருந்ததோ "2013 முதல் தர ஆலோசகர்" என்ற ஒற்றை வரி. வாயால் சொல்லிப் பார்த்தேன். அவர் கண் தாளிலேயே இருந்தது. ஆம்பூரிலிருந்து காட்பாடி வரும் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடக்கக் கடக்க அந்தக் கேள்வியே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கி நான் கற்றுக்கொண்டதைத்தான் தம்பிக்குச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன். தோல், ஷூ, கைலி என்று எங்கள் பக்கத்துத் தொழில்களே உதாரணமாக வரும். உங்கள் துறை வேறாக இருந்தாலும் செய்ய வேண்டியது இதேதான்.

படிப்பவருக்கு வரும் சந்தேகம்

சம்பளத்துக்கு வேலை பார்த்தவருக்குக் கம்பெனி பெயரே பாதி சாட்சி. ராணிப்பேட்டை பெல்லில் பத்து வருடம் என்று ஒருவர் எழுதினால், அந்தப் பத்து வருடமும் அவர் வேலைக்குப் போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நமக்கு அந்தப் பெயர் பலகை கிடையாது. அதனால் நம் தாளைக் கையில் எடுப்பவர் மனதில் மூன்று கேள்வி ஓடும். இவர் நிஜமாகவே வேலை செய்தாரா, இல்லை வேலை இல்லாத காலத்துக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்துக்கொண்டாரா? செய்தார் என்றால், இவர் போனதால் அங்கே என்ன மாறியது? என்னிடம் வந்தாலும் அது நடக்குமா?

இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத வரி எதுவும் முதல் பக்கத்தில் இருக்கக்கூடாது. தம்பியின் தாளை இந்தக் கண்ணோடு பார்த்து, பதில் சொல்லாத வரிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தோம். நாலு பக்கத்தில் ஒன்றேகால் பக்கம் மிஞ்சியது. அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பமானது.

முதல் நாளே எழுதிவைக்க வேண்டிய எண்

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஆலோசகரின் ரெஸ்யூமே, ஒரு யூனிட்டுக்குள் கால் வைக்கும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. நாம் போவதற்கு முன் அங்கே நிலைமை என்ன என்று அன்றைக்கே எழுதாவிட்டால், இரண்டு வருடம் கழித்துக் கணினி முன் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் வராது. முதலாளிக்கும் ஞாபகம் இருக்காது. சரியாகிப் போன பிறகு, பழைய கஷ்டத்தின் அளவு யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பேரணாம்பட்டில் ஓர் அப்பர் யூனிட். முதல் நாள் போனதும் முதலாளி பாய் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "தோல் அதிகமா போவுது மேடம், எங்க போவுதுன்னே தெரியல" என்றார். நான் யாரிடமும் எதையும் மாற்றச் சொல்லாமல் மூன்று நாள் கட்டிங் செக்ஷனில் நின்றேன். மேஜைக்கு எத்தனை சதுர அடி தோல் வந்தது, அதிலிருந்து எத்தனை ஜோடி வெட்டி எடுத்தார்கள், இந்த இரண்டை மட்டும் எழுதினேன். சராசரியாக ஜோடிக்கு 2.4 சதுர அடி வந்தது.

அப்புறம்தான் காரணத்தைத் தேடினேன். கட்டர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. அதனால் கை போன இடத்தில் டையை (வெட்டும் அச்சை) வைத்து அடித்தார்கள். முன்பக்கத்துக்கு வரவேண்டிய பெரிய துண்டை வயிற்றுப் பகுதியில் வெட்டிவிடுவார்கள். அது நெகிழ்ந்து ரிஜெக்ட் ஆகும், மறுபடி ஒன்று வெட்ட வேண்டும். தோல் மேஜைக்குப் போகும் முன்பே கீறல், உண்ணி கடித்த தழும்பு, ஓட்டை எல்லாவற்றையும் பேனாவால் வட்டம் போட வைத்தோம். முதுகுப் பகுதியில் பெரிய துண்டு, ஓரத்திலும் வயிற்றிலும் சின்னத் துண்டு என்று பழக்கினோம். எண்ணிக்கையோடு தோல் மிச்சத்தையும் பார்த்துக் கூலி கொடுக்க பாய் ஒத்துக்கொண்டார். ஐந்தாவது மாதம் மறுபடி மூன்று நாள் நின்று எழுதினேன். ஜோடிக்கு 2.2 சதுர அடி. நாளைக்கு 1000 ஜோடி ஓடும் யூனிட் அது. நாளுக்கு 200 சதுர அடி மிச்சம், 25 வேலை நாளில் 5000 சதுர அடி.

ரெஸ்யூமேயில் இது இரண்டே வரி. ஆனால் அந்த 2.4-ஐ முதலில் எழுதியிருக்காவிட்டால், "தோல் சேதாரத்தைக் கணிசமாகக் குறைத்தேன்" என்றுதான் எழுதியிருப்பேன். கணிசமாக என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2.4 என்று எழுத, அந்த மேஜைப் பக்கத்தில் நின்றவருக்குத்தான் முடியும்.

யூனிட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், முதலாளி தன் வாயால் சொன்ன பிரச்சினை, அதற்கான எண். கடைசிப் பக்கத்தில் நீங்கள் வெளியே வரும் நாளில் அதே எண். நடுவில் என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்த இரண்டு பக்கமும் கட்டாயம் வேண்டும்.

சரி, இதுவரை எழுதி வைக்கவில்லையே என்றால்? தம்பியும் அதையேதான் கேட்டார். பழைய வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னேன். ஒரு வியாபாரியோடு நடந்த பேச்சை மேலே தள்ளிக்கொண்டே போனோம். நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு செய்தியில் அந்த வியாபாரியே எழுதியிருந்தார்: கேரளாக் கடைகளில் 18 லட்சம் நிற்கிறது, மூன்று மாதமாகியும் வரவில்லை என்று. அதுதான் அவருடைய முதல் நாள் எண். அவர் கண்ணெதிரே நாலு வருடமாகக் கிடந்திருக்கிறது. அதேபோல உங்கள் பில் புத்தகம், நீங்கள் போட்டுக்கொடுத்த எக்செல் கணக்கு, வங்கிக்குக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றிலும் தேடுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டு அந்தக் காலத்துப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்பதிலும் தவறில்லை.

சில வேலையில் எண்ணே வராது. அப்போது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையில் முதல் முறையே தேறியது" என்பதும் சாட்சிதான். "அதே முதலாளி மூன்று முறை திரும்ப அழைத்தார்" என்பது என்னைக் கேட்டால் எண்ணைவிடப் பலமானது. வேலை பிடிக்காத ஆளை யாரும் இரண்டாம் முறை காசு கொடுத்துக் கூப்பிட மாட்டார்கள். எண் இல்லாத இடத்தில் குத்துமதிப்பாக ஒன்றை மட்டும் போட்டுவிடாதீர்கள். பேரணாம்பட்டில் காலையில் பேசியது மாலைக்குள் ஆம்பூருக்கு வந்துவிடும். நீங்கள் எழுதிய எண் அந்த முதலாளியின் காதுக்கே போகும்.

கன்சல்டன்சி என்று தலைப்புப் போடாதீர்கள்

நம் ஊரில் கன்சல்டன்சி என்றால் ஆளெடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி. பையனுக்கு வேலை வாங்கித் தர ஏதாவது கன்சல்டன்சியில் பணம் கட்டினோம் என்றுதான் மக்கள் பேசுவார்கள். என் முதல் விசிட்டிங் கார்டில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். டெய்லர் வேலைக்கு ஆள் இருக்கா, சூப்பர்வைசர் வேலை கிடைக்குமா என்று வாரத்துக்கு இரண்டு போன் வந்தது. வெறும் பிசினஸ் கன்சல்டன்ட் என்றாலும் போதாது. ஜிஎஸ்டி போடுபவரா, கடன் வாங்கித் தருபவரா, மார்க்கெட்டிங் ஆளா என்று தெரியாது.

பெயருக்குக் கீழே என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள் என்ற இரண்டும் ஒரே வரியில் வரட்டும். என்னுடையது: "ஷூ அப்பர் யூனிட்டுகளில் ரிஜெக்ஷனையும் தோல் சேதாரத்தையும் குறைக்கும் தர ஆலோசகர்." தம்பிக்கு நாங்கள் எழுதியது: "ஜவுளி வியாபாரிகள், சிறு நெசவு நிறுவனங்களுக்குச் சரக்கு, பாக்கி, கடன் கணக்கை ஒழுங்குபடுத்தும் நிதி ஆலோசகர்." ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அளவுக்குக் குறுகலாக எழுதுங்கள். எல்லாம் செய்வேன் என்று எழுதினால் நாலு வேலை அதிகமாக வரும் என்று பயத்தில் நினைக்கிறோம். என் அனுபவத்தில் குறுக்கிய பிறகுதான் போன் வந்தது.

ஒரே ஆளாகத் தொழில் செய்துகொண்டு நிர்வாக இயக்குநர், தலைமைச் செயல் அதிகாரி என்று போட வேண்டாம். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று முதல் கேள்வியே வரும். சுயதொழில் ஆலோசகர் என்பது கௌரவமான சொல். அதையே போடுங்கள்.

எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ்

பலரும் தடுமாறுவது இங்கேதான். நாலு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே என்று ஒவ்வொரு வேலையையும் தனித்தனி வேலையிடமாகத் தேதி போட்டு எழுதினால், எங்கேயும் நிலைத்து நிற்காதவர் மாதிரி தெரியும். நடுவில் வேலை வராத இரண்டு மூன்று மாதம் பள்ளமாகத் தெரியும். 2020-ல் எத்தனை மாதம் எல்லாரும் சும்மா இருந்தோம்! அந்தப் பள்ளத்தை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் தொழிலையே ஒரு நிறுவனமாக வையுங்கள். தொடங்கிய வருடத்திலிருந்து இன்றுவரை ஒரே தேதி. அதன் கீழே நாலைந்து வேலைகள் மட்டும். என்னுடையதில் ஒரு பகுதி இப்படி இருக்கும்:

*சுயதொழில் தர ஆலோசகர், காட்பாடி. 2013 முதல் இன்றுவரை. இதுவரை 23 யூனிட்டுகள்; அதில் 8 யூனிட்டுகள் இரண்டாம் முறையும் அழைத்தவை.*

*பேரணாம்பட்டு, 120 பேர் வேலை செய்யும் ஷூ அப்பர் யூனிட், 5 மாதம்: ஜோடிக்கு 2.4 சதுர அடியாக இருந்த தோல் செலவு 2.2 ஆனது (நாளுக்கு 1000 ஜோடி). வெட்டும் முன் குறை குறிக்கும் முறையையும் புதிய கூலி முறையையும் கொண்டுவந்தது நான். நடைமுறைப்படுத்தியது யூனிட்டின் கட்டிங் சூப்பர்வைசரும் நானும் சேர்ந்து.*

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எது என் யோசனை, எது கூட்டாகச் செய்தது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு யூனிட்டில் நூறு பேர் உழைத்த பலனை நான் மட்டும் செய்ததாக எழுதினால் அனுபவமுள்ள முதலாளி நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. கட்டிங் மேஜையில் பத்து மணி நேரம் நின்றது அவர்கள். அதைச் சொல்வதால் நம் மதிப்புக் குறையாது. ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர் என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனி பெயரை நான் போடவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆம்பூரில் எதிரெதிர் கேட்டில் இருக்கும் இரண்டு யூனிட்டும் ஒரே வாடிக்கையாளரின் ஆர்டருக்குப் போட்டி போடும். ஒருவர் வீட்டு ரிஜெக்ஷன் கணக்கை நான் பெயரோடு எழுதித் திரிந்தால், நாளைக்கு யாரும் என்னை உள்ளே விட மாட்டார்கள். ஊர், தொழில், ஆட்கள் எண்ணிக்கை, எத்தனை மாதம் என்ற நாலும் போதும். பெயர் போட முதலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் தாராளமாகப் போடலாம். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஊர் பெயரையும் எடுத்துவிட்டு வட மாவட்டத்தில் ஒரு யூனிட் என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பியின் மூன்று வரி

அவர் எழுதியிருந்த முதல் வரி: "பல்வேறு நிறுவனங்களின் கணக்கு மற்றும் நிதி மேலாண்மைக்குப் பொறுப்பு வகித்தேன்."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம்னா... கணக்கு சரியாச்சுக்கா."

"சரியாச்சுன்னா என்ன ஆச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தானாகப் பேச ஆரம்பித்தார். அந்த 18 லட்சம் பாக்கிக்காரரிடம் ரசீது எல்லாம் ஒரு பையில் கிடந்ததாம். கடைவாரியாகப் பிரித்து, எந்தக் கடை எத்தனை நாளாகத் தரவில்லை என்று பட்டியல் போட்டிருக்கிறார். 60 நாளைத் தாண்டிய கடைக்குப் புது பேல் கட்டாதே என்று வியாபாரியிடம் சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறார். பத்து மாதத்தில் பாக்கி 7 லட்சத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் வியாபாரி வட்டிக்கு வாங்கிய கடனை அடைத்து, ஒரு நகையையும் மீட்டிருக்கிறார். இவ்வளவையும் சொல்லும்போது தம்பியின் முகமே மாறிவிட்டது. இவ்வளவு செய்தவர் "பொறுப்பு வகித்தேன்" என்று எழுதியிருந்தாரே என்று எனக்கு ஆற்றாமை.

நாங்கள் எழுதியது: "குடியாத்தம், கைலி மொத்த வியாபாரி, 10 மாதம்: வெளிமாநிலக் கடைகளில் நின்ற பாக்கி 18 லட்சத்திலிருந்து 7 லட்சமாகக் குறைந்தது. கடைவாரி நாள் கணக்கும், 60 நாள் தாண்டினால் சரக்கு நிறுத்தும் விதியும் நான் ஏற்படுத்தியவை. இன்றும் கடையில் நடைமுறையில் உள்ளன." கடைசிச் சொற்கள் மூன்றாவது சந்தேகத்துக்குப் பதில். நாம் வெளியே வந்த பிறகும் அந்த முறை நிற்கிறது என்றால், அடுத்த முதலாளிக்கும் நம்பிக்கை வரும்.

நகையை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அது அந்தக் குடும்பத்தின் விஷயம். நேரில் பேசும்போதுகூட வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு வரிக்கும் "அப்புறம்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். தனியாகக் கேட்டுக்கொண்டால் சீக்கிரம் திருப்தி வந்துவிடும். வீட்டில் யாரையாவது, தொழில் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தொழிலுக்கு வெளியே இருப்பவருக்கும் புரிய வேண்டும்

நம் ஊர் முதலாளிக்குத் தெரிந்தது சென்னையில் ரெஸ்யூமே பிரிப்பவருக்குத் தெரியாது. தோல் தொழிலில் ஒருவர் "குரோமியம் 6 பிரச்சினையைத் தீர்த்தேன்" என்று எழுதியிருந்தார். ஐரோப்பாவில் 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் 6 என்ற நச்சுப் பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்க முடியாது. அந்த வரம்பைப் பாதி வரியில் சொல்லிவிட்டு, "தொடர்ந்து 14 மாதம் எல்லா லாட்டும் வரம்புக்குள்" என்று எழுதினால் யாருக்கும் புரியும். அதேபோல ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் சிஇடிபி என்றால் குழந்தைக்கும் தெரியும். தோல் கழிவுநீர் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு இல்லாத டேனரி கிடையாது. வெளியூர்க்காரருக்குப் பொது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று ஒரு முறையாவது விரித்து எழுதுங்கள்.

ஊர் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. என் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய வேலைக்கும் இன்றைய மாவட்டப் பெயரையே போடுங்கள், அல்லது மாவட்டமே இல்லாமல் ஊரை மட்டும் போடுங்கள்.

மொழிகளை மறக்காதீர்கள். தமிழ், ஆங்கிலம் எல்லாரும் எழுதுவார்கள். தம்பிக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், உருது புரியும். ரெஸ்யூமேயில் ஒரு வார்த்தை இல்லை. சித்தூர்க் கடைக்காரரிடம் பாக்கி கேட்க அந்தத் தெலுங்குதானே உதவியது!

சாட்சிக் காகிதங்கள்

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, காசு எதுவும் இல்லை, ஆன்லைனில் நாமே செய்யலாம். பதிவு செய்திருந்தால் "உத்யம் பதிவு பெற்றது" என்று ஒரு வரி போடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதையும் போடுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்கள் பலர் எடுத்திருக்க மாட்டார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் நாம் நிஜமாகவே தொழில் செய்கிறோம் என்ற முதல் சந்தேகத்தைத் தீர்க்கும். ஆதார், பான் எண்ணை மட்டும் ரெஸ்யூமேயில் போடவே போடாதீர்கள். அது யார் யார் போனில் சுற்றும் என்று நமக்குத் தெரியாது.

வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் கணக்கு நமக்கு ஒரு நல்ல துணை. எந்தக் கம்பெனி எப்போது நமக்குப் பணம் கொடுத்து டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்தது என்று வருடவாரியாக அதில் இருக்கும். எந்த வேலையை எந்த மாதம் செய்தோம் என்று மறந்துபோனால் அதைப் பார்த்துத் தேதியைச் சரி செய்யலாம். அனுப்பத் தேவையில்லை, நம் கையில் இருந்தால் போதும். டிடிஎஸ் பிடிக்காத சின்ன வியாபாரிகளுக்கு நம் பில் புத்தகம்தான் கதி. பில் போடாமல் வேலை செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கம்தான். படிப்பு இரண்டு வரி. இன்றும் செல்லுபடியாகும் சான்றிதழ் மட்டும். சம்பள வேலை பார்த்த பழைய காலம் நாலைந்து வரி. ஜாதி, மதம், திருமண நிலை, "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற கடைசி வாக்கியம் எல்லாம் பயோடேட்டா காலத்தோடு போகட்டும். கட்டணம் எவ்வளவு என்றும் எழுத வேண்டாம். வேலையைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது.

மூன்று பேருக்கு மூன்று தாள்

முதலாளிக்கு ஒரு பக்கம் போதும். அவர் அதை வாட்ஸ்அப்பில், போனில்தான் திறப்பார், பெரும்பாலும் கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் நடந்துகொண்டே. அதனால் அனுப்புவதற்கு முன் உங்கள் போனுக்கே அனுப்பி, விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் திரையில் பெயர், என்ன செய்கிறீர்கள், ஒரு எண், போன் நம்பர் நாலும் தெரிய வேண்டும். கோப்புக்கு "ரெஸ்யூமே புதுசு 3" என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் தொழிலையும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் தேடும்போது கிடைக்கும்.

கம்பெனி வேலைக்கோ நீண்ட ஒப்பந்தத்துக்கோ என்றால் இரண்டு பக்கம். வேலைத் தளங்களில் ஏற்றும்போது பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வடிவம், கட்டம், படம் எல்லாம் சிதறிப்போகும். நேராக மேலிருந்து கீழே எழுதுங்கள். சொந்தத் தொழிலை விட்டுச் சம்பளத்துக்கு வருபவர் என்றால், ஏன் என்று ஒரே வாக்கியத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் நின்று முழுமையாகச் செய்ய விரும்புகிறேன்" என்பது உண்மையானால் அதுவே போதும்.

அரசுத் திட்டம், வங்கிகளின் ஆலோசகர் பட்டியல், உலக வங்கி நிதியில் நடக்கும் பணி என்றால் அவர்களே படிவம் கொடுப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் வருடம், இடம், நம் பங்கு, செய்த பணி என்று கட்டம் இருக்கும். அங்கே நம் அழகான ஒரு பக்கம் எடுபடாது. கேட்ட கட்டத்தைக் கேட்டபடி நிரப்ப வேண்டும். நாற்பது பக்க நோட்டுகள் கைகொடுப்பது அன்றைக்குத்தான்.

யாரைக் கேட்கலாம் என்று கேட்டால்

விசாரிக்க ஆள் பெயரை ரெஸ்யூமேயில் போடாதீர்கள். கேட்டால் கொடுப்பேன் என்றும் எழுத வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேரை மனதில் வைத்திருங்கள். ஒருவர் முதலாளி, இன்னொருவர் உங்களோடு தரையில் நின்று வேலை பார்த்த சூப்பர்வைசர் அல்லது கணக்கர். இரண்டாமவர் சொல்வதைத்தான் கேட்பவர்கள் அதிகம் நம்புகிறார்கள்.

நம்பரைக் கொடுக்கும் முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். போன வருடம் ஓர் இடத்தில் என்னைப் பற்றி விசாரிக்கக் கேட்டபோது, முதலில் பேரணாம்பட்டு பாய்க்குத்தான் பேசினேன். "பாய், இன்ன ஊர்லருந்து கூப்பிடுவாங்க, தோல் கணக்கு பத்தி கேப்பாங்க, உங்க நம்பர் தரலாமா?" என்றேன். "2.4-ல இருந்து 2.2 தானே மேடம், நோட்டு என்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார் அவர்.